கீழே வைத்த கோப்பை

ரோமில் இறங்கிய முதல் நாளே நவ்வாஃப் தகராறை ஆரம்பித்துவிட்டார். விடுதியில் கொடுத்த அறையின் சன்னலைத் திறந்தால் எதிரே சுவர், சுவரில் ஒரு குழாய். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற மனிதர் அவர். வரைபடத்தில் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிய ஊருக்கு அறுபத்திரண்டு வயதில் இப்போதுதான் முதன்முறையாக வந்து சேர்ந்திருக்கிறார். வந்த இடத்தில் பார்ப்பதற்குக் குழாயா?

"கீழ போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க, மாத்திக் குடுப்பான்" என்றாள் அவர் மனைவி ரஜா.

"வாயைத் திறந்து சொல்லணுமா? கேக்கற விதத்துல கேட்டா குடுக்காம எங்க போவான்? நீ பேசாம பாரு."

கீழே போனார். வயதான விருந்தாளி என்று மரியாதை வைத்து மேனேஜர் ஒரு சின்னக் கோப்பையில் காப்பி வரவழைத்தான். நவ்வாஃப் அதை வாங்கி, உதட்டில் வைக்காமல், முன்னால் இருந்த மேசையில் வைத்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் ஊன்றி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். ரஜாவும் மகள் தாலாவும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜோர்டானில், அதுவும் அவர்களுடைய ஸல்த் ஊரில் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் வீடே பதறும். பெண் கேட்கப் போகிறவர்கள், கொலைப் பகையைச் சமாதானம் பேசப் போகிறவர்கள், பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறைத் தீர்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் வழி ஒன்றுதான். வந்த கூட்டத்தின் பெரியவர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். வீட்டுக்காரர் உடனே, "காப்பி ஆறுது, உங்க தேவை என்ன?" என்று கேட்டாக வேண்டும். தேவையைச் சொன்னதும், "நிறைவேத்தினதா வச்சுக்கோங்க, குடிங்க" என்பார். அதற்கப்புறம்தான் காப்பி தொண்டையில் இறங்கும். கேட்காமல் விட்டவன் மனிதனே இல்லை.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான். பிறகு சிரித்த முகத்தோடு வந்து ஏதோ சொல்லிவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு மேசையையும் துடைத்துவிட்டுப் போனான்.

தாலா படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், சிரிப்பு வந்தால் நிற்காது.

"யாபா, அவன் 'பிடிக்கலையா'ன்னு கேட்டான். நீங்க பேசாம இருந்தீங்க. பிடிக்கலைன்னு நெனச்சுட்டான்."

"என்ன ஜனங்க இவங்க!" நவ்வாஃபுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒரு மனுஷன் கோப்பையைக் கீழ வச்சா, என்னப்பா வேணும்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? இவ்வளவு பெரிய கல்லுக் கட்டடமெல்லாம் கட்டி என்ன பிரயோஜனம்? கேக்கத் தெரியல!"

கடைசியில் தாலாதான் ஆங்கிலத்தில் பேசி அறையை மாற்றினாள். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. புது அறையின் சன்னல் வழியாக ஒரு மாதா கோவிலின் பாதிக் கோபுரம் தெரிந்தது. நவ்வாஃப் அதையும் மெச்சவில்லை.

அம்மானிலிருந்து முப்பத்திரண்டு பேர் சேர்ந்து வந்த சுற்றுலா இது. ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், வியன்னா, ப்ராக் என்று ஒன்பது நாள். தோஹாவில் வேலை பார்க்கும் மகன் கைஸ், அப்பா ஓய்வு பெற்றதற்குப் பரிசாகப் பதிவு செய்து கொடுத்தான். துருக்கி போகலாம் என்றுதான் அவன் முதலில் சொன்னான். ஐரோப்பா என்று மாற்றியது ரஜா. ஐரோப்பாவிலும் பாரிஸ் வேண்டாம், லண்டன் வேண்டாம், வியன்னா இருக்கிற பட்டியலாகப் பார் என்று மகனிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். வியன்னாவில் மம்தூஹ் இருந்தான்.

மம்தூஹ் நவ்வாஃபின் தம்பி. அவரைவிடப் பதினாறு வருஷம் இளையவன். ரஜா மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, முன்பல் இரண்டு இல்லை. அவன் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் அவள். காய்ச்சல் வந்தால் அவள் மடியில்தான் வந்து படுப்பான். படித்து, மருந்தாளராகி, வியன்னாவில் வேலை தேடிக்கொண்டு போன அன்றைக்குப் பெற்ற பிள்ளை போன மாதிரி அழுதாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு ஜனவரி மாதம், ஸல்த்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த விடியற்காலையில் அவர்களுடைய தாயார் ஹாஜா ஃபித்தா இறந்துபோனார். மம்தூஹ் கிடைத்த முதல் விமானத்தில் ஏறிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்குள் வீட்டில் இருப்பேன் என்று செய்தி அனுப்பினான். ஆனால் அடக்கம் செய்ய வேண்டிய மையித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். பனியில் விமானம் எங்கே இறங்கப் போகிறது, நாளைக்குத்தான் வருவான் என்றும் சொன்னார்கள். நவ்வாஃப் மதியத் தொழுகை முடிந்த கையோடு அடக்கம் செய்துவிட்டார். விமானம் என்னவோ சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மம்தூஹ் வீட்டுக்குள் வந்தபோது மணி நாலடிக்கப் பத்து நிமிஷம்.

துக்கம் விசாரிக்க வந்த நாற்பது ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மம்தூஹ் நேராக வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தான். சர்க்கரை போடாத துக்க வீட்டுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார்கள். வாங்கினான், குடிக்காமல் கீழே வைத்தான். நவ்வாஃப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் மம்தூஹ் எழுந்து வெளியே போனான். மறுநாள் வியன்னாவுக்கே போய்விட்டான்.

ரஜா பெண்கள் பக்கம் இருந்தாள். அவளுக்கு நடந்தது எல்லாம் அப்புறம் காதில் விழுந்ததுதான்.

"துக்க வீட்டுக் காப்பியைத் தொடாம போறான்னா என்ன அர்த்தம்?" என்று நவ்வாஃப் அன்று ராத்திரி குதித்தார். "அம்மாவை நான் திருட்டுத்தனமா புதைச்சுட்டேன்னு நாப்பது பேர் முன்னாடி என் மூஞ்சில காறித் துப்பிட்டான். இனி செத்தாலும் அவன் வீட்டுக் காப்பி ஒரு சொட்டு என் தொண்டையில இறங்காது."

ஒவ்வொரு பெருநாளுக்கும் மம்தூஹ் ரஜாவுக்குப் போன் போடுவான். "அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்பான். பக்கத்தில்தான் இருப்பார். போன் மணி அடித்ததுமே செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விடுவார். பெருநாள் காலையில் யாராவது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்களா? ஆறு வருஷம் பன்னிரண்டு பெருநாள் பார்த்துவிட்டாள் ரஜா. கூப்பிடாமல் தம்பி வரமாட்டான். அண்ணன் கூப்பிடப் போவதில்லை. வியன்னாவில் ஒரே ஒரு நாள் பிற்பகல், இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் ஓய்வு என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். அந்த மூன்றரை மணி நேரத்தில் இவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இன்னொரு முறை இந்த மனிதரை விமானத்தில் ஏற்ற அவளால் ஆகாது.

வியன்னா பெயரைப் பார்த்ததும் நவ்வாஃப் அவளை ஒரு முறை உற்றுப் பார்த்தார். "டான்யூப் ஆத்துக்காகத்தான் வரேன்" என்றார். "பத்து நாட்டுல ஓடற ஆறு. எத்தனை பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒரு தடவை கண்ணால பாக்கணும். வேற எந்த வேலையும் எனக்கு அந்த ஊர்ல கிடையாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் ரஜா.

ரோமின் இடிபாடுகளைப் பார்த்து, "நம்ம ஜெராஷ்ல இல்லாத தூணா? இங்க டிக்கெட் வரிசைதான் பெருசு" என்றார் நவ்வாஃப். ஃப்ளோரன்ஸில் ஓவியக் கூடத்தின் நாலாவது அறையிலேயே பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார். கூட வந்த பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டு வந்த டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். காவலாளி வந்து விரட்டினான். வெனிஸில் மட்டும்தான் அவர் குறை சொல்லவில்லை. கடல் எந்தப் பக்கம், வண்டல் எங்கிருந்து வருகிறது, ஊர் வருஷத்துக்கு எவ்வளவு அமிழ்கிறது என்று படகில் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தார். வழிகாட்டி ஃபாதி நல்ல பையன், மைக்கையே அவரிடம் கொடுத்துவிட்டான். அன்றைக்கு ராத்திரி நவ்வாஃப் சிரித்துக்கொண்டே தூங்கினார். ரஜாவுக்குத்தான் தூக்கம் இல்லை. அடுத்த ஊர் வியன்னா.

வியன்னாவில் காலையில் அரண்மனை. இரண்டு மணிக்கு ஃபாதி எல்லாரையும் ஒரு பெரிய இசை அரங்கத்தின் வாசலில் இறக்கிவிட்டான். "அஞ்சரைக்கு பஸ் கிளம்பிடும். வரலைன்னா ப்ராக்குக்கு நடந்துதான் வரணும், சொல்லிட்டேன்!" என்று குடையை ஆட்டினான்.

"ஆத்துக்குப் போலாமா யாபா?" என்றாள் தாலா. போனில் சித்தப்பா வீட்டு வழியைப் போட்டு வைத்திருந்தாள். டிராம் ஏறி, எட்டு நிறுத்தம் தாண்டி இறங்கினார்கள். உயரமான, பழுப்புச் சுவர் வீடுகள். ஒரு துருக்கிக்காரர் கடை வாசலில் தர்ப்பூசணி அடுக்கியிருந்தது. நாலு எட்டு நடந்ததும் நவ்வாஃப் நின்றுவிட்டார்.

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால் யாபா."

"சூரியன் நேரா என் மூஞ்சில அடிக்குது. அப்போ நாம தென்மேற்கே போறோம். டான்யூப் வடகிழக்குல இருக்கு." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உன் போனுக்குப் பூகோளம் தெரியாதா, இல்ல உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

தாலா அம்மாவைப் பார்த்தாள்.  பொய் சொல்லி இனி பலனில்லை என்று ரஜாவுக்குத் தெரிந்துபோயிற்று.

"உங்க தம்பி வீடு அடுத்த தெரு" என்றாள். "வந்தா வாங்க. வராட்டி இந்தத் தர்ப்பூசணிக் கடையில உக்காந்திருங்க. நான் போய் என் பிள்ளையைப் பாத்துட்டு வரேன்."

'என் பிள்ளை' என்ற சொல் எப்படியோ வாயில் வந்துவிட்டது. நவ்வாஃப் ரொம்ப நேரம் தர்ப்பூசணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரேன்" என்றார் கடைசியில். "மாடி ஏறி வரேன். ஆனா அவன் காப்பி ஊத்துவான். வாங்கிக் கீழ வைப்பேன். நாப்பது பேர் இல்ல, உங்க ரெண்டு பேர் முன்னாடியாவது அவனுக்குத் தெரியட்டும், அது எப்படி இருக்கும்னு."

"அதுக்கா வரீங்க? வயசான மனுஷன் செய்யற காரியமா இது?"

"செஞ்சவன் அவன்."

வேண்டாம், நீங்கள் வராமலே இருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ரஜா யோசித்தாள். ஆறு வருஷத்துப் புண்ணில் இன்னொரு குத்து விழுந்தால் அதற்கப்புறம் பெருநாள் போன்கூட வராது. ஆனால் அவர் அதற்குள் அடுத்த தெருவில் திரும்பிவிட்டார். வீட்டு எண்ணைக்கூடக் கேட்கவில்லை. நேராக எழுபத்தொன்றாம் எண் வாசலில் போய் நின்றார். மம்தூஹ் பெருநாளுக்கு அனுப்பும் பார்சலின் மேல் எழுதியிருக்கும் எண்தான் அது. பார்சலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார் என்றுதான் இத்தனை நாள் ரஜா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ரஜா முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் வீட்டில் காத்திருந்த மம்தூஹ் கதவைத் திறந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. அண்ணியின் கையை எடுத்து முத்தமிட்டான், தாலாவின் தலையைத் தடவினான். அண்ணனுக்கு முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"வாங்க அபூ கைஸ்" என்றான். அண்ணே என்று வரவில்லை. ஊரார் கூப்பிடுகிற மாதிரி, கைஸின் தகப்பனார் என்றுதான் வந்தது.

நவ்வாஃப் உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார். மம்தூஹின் மனைவி மருத்துவமனையில் தாதி, அன்று பகல் வேலை. வீடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏலக்காய் வாசனை வந்தது. காலையிலிருந்தே வறுத்து இடித்திருக்க வேண்டும். ஊரில் அம்மா வைத்திருந்த அதே பித்தளைக் கூசாவை மம்தூஹ் கொண்டு வந்தான். இடது கையில் கூசா, வலது கையில் காது இல்லாத சின்னக் கோப்பை. அடியில் ஒரு மடக்கு அளவு ஊற்றி, குனிந்து அண்ணனிடம் நீட்டினான்.

நவ்வாஃப் வலது கையால் வாங்கினார். எதிரில் இருந்த மேசையில் வைத்தார். இரண்டு கையையும் முழங்கால் மேல் ஊன்றிக்கொண்டார்.

போச்சு, என்று ரஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

மம்தூஹ் கோப்பையைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்றுதான் ரஜா எதிர்பார்த்தாள். வந்தது பதற்றம். கூசாவைத் தரையில் வைத்துவிட்டு அண்ணன் எதிரில் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"காப்பி ஆறுது அபூ கைஸ். உங்க தேவை என்ன? என்னவா இருந்தாலும் சரி, நிறைவேத்தினதா வச்சுக்கோங்க. குடிங்க."

 அவமானப்படுத்த வந்தவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

"எனக்கு ஒரு தேவையும் இல்ல" என்றார்.

"தேவை இல்லாதவங்க கோப்பையைக் கீழ வைக்க மாட்டாங்க."

"ஏன், நீ வைக்கலையா அன்னிக்கு?"

"எனக்குத் தேவை இருந்துச்சு" என்றான் மம்தூஹ். "யாரும் கேக்கல."

 கீழே தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போனது. ரஜாவுக்குச் சுரீரென்றது. ஆறு வருஷம், பன்னிரண்டு போன். அவளும்தான் கேட்கவில்லை. கோபத்தில் வைத்தான் என்று ஊர் சொன்னதை அவளும் அப்படியே விழுங்கியிருக்கிறாள். அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தைப் புருஷன் மேல் கொட்டினாள்.

"ரோம்ல யாரு சொன்னது?" என்றாள். "ஒரு மனுஷன் கோப்பையைக் கீழ வச்சா, என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமான்னு யாரு அந்தக் குதி குதிச்சது? முன்னப் பின்ன தெரியாத விடுதிக்காரன் கேக்கலைன்னு அவனைத் திட்டினீங்களே!"

  நவ்வாஃப் மெல்லக் குனிந்து தரையில் இருந்த கூசாவை எடுத்தார். தட்டில் கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு கோப்பையை நிமிர்த்தி, அதில் ஒரு மடக்கு ஊற்றினார். மேசையில் கொஞ்சம் சிந்தியது. மூத்தவர் இளையவனுக்கு ஊற்றுவது வழக்கம் இல்லை. ஊற்றித் தம்பியிடம் நீட்டினார்.

மம்தூஹ் வாங்கினான். அண்ணன் கோப்பைக்குப் பக்கத்தில் அதைக் கீழே வைத்தான்.

"காப்பி ஆறுது மம்தூஹ்" என்றார் நவ்வாஃப்.  "உன் தேவை என்ன?"



"அம்மாகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேக்கத்தான் உக்காந்தேன்" என்றான். "நேரா கேக்க வாய் வரல. நீங்க மூத்தவர், அத்தனை பேர் இருக்காங்க. அதான் கோப்பையை வச்சேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சரின்னு நானே மையவாடிக்குப் போனேன். இருட்டறதுக்குள்ள போய்ச் சேந்துட்டேன். அன்னிக்குக் குளிர்ல இன்னும் ரெண்டு பேர் தவறிட்டாங்க போல. மூணு புது மண்மேடு இருந்துச்சு. கல்லு நடல, பேரு இல்ல. மேல பனி வேற. எது அம்மான்னு தெரியல. கேக்க ஆளும் இல்ல. மூணுக்கும் ஓதிட்டு வந்துட்டேன்."

தாலா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரஜா முந்தானை போல் தோளில் கிடந்த துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல இருந்தது" என்றார் நவ்வாஃப். "நடுவுல இருந்ததுடா." பெரிய மூச்சாக விட்டார். "மூணு மணி நேரம். உனக்காக மூணு மணி நேரம் நிறுத்தி வச்சிருக்கணும். அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்கன்னு எல்லார் பேர்லயும் பழியைப் போடலாம். நான் சொல்லியிருந்தா நின்னிருக்கும். எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "நிறைவேத்தினதா வச்சுக்கோ. நானே கூட்டிட்டுப் போறேன். குடி."

மம்தூஹ் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். நவ்வாஃபும் எடுத்தார். ஆறிப்போன கசப்புக் காப்பி. முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும், அவர் ஆட்டவில்லை. மம்தூஹ் ஊற்றினான். மறுபடி நீட்டினார், மறுபடி ஊற்றினான். ஒரு நாளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். நாலாவது கோப்பை போகும்போதும் ரஜா வாயைத் திறக்கவில்லை.

"போதும்ணே, பஸ்ஸை விட்டுருவீங்க" என்று மம்தூஹ்தான் கூசாவை மூடினான்.

ஐந்து நாற்பதுக்கு பஸ் கிளம்பியது. பத்து நிமிஷம் தாமதம் யாரால் என்று மற்ற இருபத்தொன்பது பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாதி குடையை மடித்துக்கொண்டே, "ப்ராக்குக்கு நடந்து வர மாதிரியா இருந்தீங்க ஹாஜ்?" என்றான். நவ்வாஃப் காதில் அது விழவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே போனைக் காதில் வைத்துவிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பிரிந்த தம்பியிடம் பேச்சு.

"ஜூலையில வராதே, வெயில் மண்டையைப் பிளக்கும். செப்டம்பர் வா. லீவு கேளு... கேட்டுப் பாரு முதல்ல! அம்மான்ல இறங்கினதும் டாக்ஸி பிடிக்கற வேலை வச்சுக்காதே, நான் வந்து நிப்பேன். நேரா அம்மாகிட்ட போயிட்டு அப்புறம்தான் வீடு. சரியா?"

பஸ் ஊரைத் தாண்டி ஒரு நீளமான பாலத்தில் ஏறியது. ஃபாதி மைக்கில் அறிவித்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து சன்னல் பக்கம் சாய்ந்து போனை நீட்டினார்கள். மாலை வெயிலில் தண்ணீர் அகலமாகக் கிடந்தது. ரஜா கணவரின் தோளைத் தட்டினாள்.

"டான்யூப்! இந்தப் பக்கம், இந்தப் பக்கம் பாருங்க!"

நவ்வாஃப் அவள் கையைத் தள்ளிவிட்டார். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லடா, இங்க ஏதோ ஆறு. கூச்சல் போடறாங்க" என்றார். "நீ சொல்லு, செப்டம்பர் எத்தனாந் தேதி?"